ஏணி இருக்கும் பக்கம்

3 ஜூலை 2022, ஞாயிறு

"உங்கப்பா சொல்லுததெல்லாம் அப்படியே நடந்ததாம்மா?" என்று ஒரு பெரியவர் இன்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். நான் அடக்கத்துக்காகச் சொல்வதாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

இன்று கல்லிடைக்குறிச்சி. அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், நாற்பது நிறைந்தது. அப்பாவுக்கு எண்பத்தொன்று. பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து தாமிரபரணிக் கரை ஊர்களில் படம் காட்டிப் பேசிவருகிறார். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: 'நம்ம ஊரு, நம்ம வண்டி.' அவர் எதுவும் வாங்கிக்கொள்வதில்லை. வாசல் பக்கம் ஒரு தகர உண்டியல் இருக்கும். அதில் விழுவது டயாலிசிஸ் நோயாளிகளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் வேனுக்கு.

நான் வந்து சேர்ந்து இரண்டு வருடம். புள்ளியியல் படித்து, சென்னையில் ஓர் அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடம் மற்றவர்களின் எண்களைச் சரிபார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் வந்தேன். காரணம் கேட்பவர்களிடம் அப்பாவுக்குத் துணை என்கிறேன். பேச்சு நடக்கும் நாட்களில் லேப்டாப், புரொஜக்டர், நீட்டு வயர், அப்பாவின் பிளாஸ்க் இவை என் பொறுப்பு. அப்பா "அடுத்தது" என்பார். நான் பட்டனை அமுக்குவேன்.

எல்லாம் அவர் எழுபதுகளில் எடுத்த கலர் சிலைடுகள். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். பச்சையும் நீலமும் வெளிறிப்போய், எல்லாப் படமும் நாவல்பழச் சாறில் முக்கி எடுத்ததுபோல இருக்கின்றன. ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்கும் கரி என்ஜின். மேலணைக்குப் போகும் பஸ்ஸின் கூரையில் பால் கேன்கள். டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடிமேல் உட்கார்ந்திருக்கும் நான்கு பிள்ளைகள். அந்த மூடியின் சூட்டைப் பற்றி அப்பா சொன்னதும் எல்லா ஊரிலும் கிழவிகள்தான் முதலில் சிரிக்கிறார்கள். யுத்த காலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு கட்டிக் கரிப்புகையில் ஓட்டியதை நேரில் பார்த்ததாகச் சொல்வார். அவர் பிறந்தது நாற்பத்தொன்றில். நான்கு வயதில் பார்த்ததை இவ்வளவு விவரமாக நினைவு வைத்திருக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டேன். "நீ சென்னையிலயே இருந்திருக்கலாம்" என்றார்.

கடைசிப் படம் எப்போதும் செம்மண்பேரித் தாம்போதி. ஓடைமேல் பாலம் கிடையாது. தண்ணீர் மேலேறிப் போகும்படி தாழப் போட்ட கல் ரோடு. எழுபத்தொன்பது ஐப்பசியில் பெருவெள்ளம். செண்பகம் மோட்டார் சர்வீஸின் சாயங்கால பஸ் அதில் முன்பக்கமாகச் சரிந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். மறுநாள் காலை அப்பா சைக்கிளில் போய் எடுத்த படம். ரோடு தெரியாது, தண்ணீருக்குள். அதன் இடது ஓரத்தில் அடையாளத்துக்கு நட்ட வெள்ளைக் கற்கள் மட்டும், படத்தின் வலது பாதியில், வரிசையாகத் தெரிகின்றன. கல்வரிசைக்கும் இடது பக்கத்தில், ரோட்டுக்கு வெளியே, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு பஸ் கிடக்கிறது. டிரைவர் இசக்கிமுத்து கல்லைத் தாண்டி ஓட்டிவிட்டார் என்பதற்கு இதற்குமேல் ஆதாரம் வேண்டாம். அப்பா அவர் பெயரைச் சொல்லுவதில்லை. "ஒரு கணம் கவனம் பிசகினா" என்று நிறுத்துவார். 

நான் இசக்கிமுத்துவைப் பார்த்ததில்லை.

4 ஜூலை, திங்கள்

சாரல். துணி காயவில்லை. புரொஜக்டரின் விசிறியைத் துடைத்தேன்.

10 ஜூலை, ஞாயிறு

ஆழ்வார்குறிச்சி. கோயில் மண்டபத்தில் வெளிச்சம் அதிகம், படம் பாதிதான் தெரிந்தது. ஆனாலும் நல்ல கூட்டம்.

முன்வரிசையில் ஒருவர் ஒவ்வொரு பஸ் படத்துக்கும் அதன் பெயரை அப்பாவுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் மாசானம். செண்பகம் மோட்டாரில் பத்தொன்பது வருடம் கண்டக்டர். பிறகு மகனோடு கோயமுத்தூரில் முப்பது வருடம் இருந்துவிட்டு, மனைவி இறந்தபின் இந்த வைகாசியில்தான் ஊர் திரும்பியிருக்கிறார்.

"சார்வாள், அது மூணாம் நம்பர் வண்டி. நாலுன்னு சொல்லுதிய."

"நாலுதான்."

"நாலுல ஆரன் பித்தளை. இது தகரம்லா. கண்ணாடி போட்டுப் பாரும்."

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், ஆனால் மூணு என்று திருத்திச் சொல்லவில்லை.

தாம்போதிப் படத்துக்கு மட்டும் மாசானம் அண்ணாச்சி பெயர் சொல்லவில்லை. முடிந்து எல்லோரும் சுண்டல் வாங்கப் போனபின் நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"தாயி, அந்தக் கடைசிப் படத்த ஒருக்கப் போடு."

போட்டேன். சுவரோடு ஒட்டிப்போய்ப் பார்த்தார்.

"ஏணி மாறியிருக்கே."

"எந்த ஏணி அண்ணாச்சி?"

"பின்னால மேல ஏறுத ஏணி. இந்தா நிக்கி பாரு, வலது பக்கமா. எங்க கம்பெனி வண்டி ஒண்ணுக்கும் வலது பக்கம் ஏணி கெடையாது. முதலாளி வைக்க விடமாட்டாரு. வலது பக்கம் வச்சா, வண்டி ஓரமா நிக்கும்போது நடுரோட்டுல நின்னுல்லா ஏறணும்? எதுக்க வாரவன் அடிச்சுட்டுப் போயிருவான். எல்லாம் இடது பக்கம். பத்தொம்பது வருசம் ஏறி எறங்கினவன் சொல்லுதேன்."

"ஒரு வண்டி மட்டும் மாறி இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம்" என்றார். "எங்க அம்மைக்கு மீசை இருந்திருக்கலாம்."

சுண்டல் வாங்கப் போய்விட்டார்.

11 ஜூலை, திங்கள்

எண்பது வயதுக்காரரின் நினைவு ஓர் ஆதாரம் ஆகாது. அதனால் அசல் சிலைடை எடுத்துப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் பிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி, சுருளாகத் தபாலில் திரும்பி வருமாம். அப்பாவே பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டி, பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தி, ஒரு மூலையில் சிவப்பு மையால் புள்ளி வைப்பார். புள்ளி நம்மைப் பார்க்கப் பிடித்தால் அதுதான் நேர்ப்பக்கம். ஸ்டூடியோக்காரர்களும் அந்தப் புள்ளியை நம்பித்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

பிலிமுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் மங்கல். வழவழப்புப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் படம் உள்ளபடி தெரியும். மங்கல் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிவிடும். தகரப்பெட்டியிலிருந்து கைக்கு வந்த நாற்பதை எடுத்து ஜன்னலில் சாய்த்துப் பார்த்தேன். நாற்பதிலும் புள்ளியின் பக்கம் வழவழப்பு. தாம்போதிப் படத்தில் மட்டும் புள்ளியின் பக்கம் மங்கல்.

கடை போர்டோ நம்பர் பிளேட்டோ இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பஸ்ஸின் பின்பக்கம் முழுக்கச் சேறு. படத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். ஏணி இடது பக்கம் வந்தது. வெள்ளைக் கற்களும் இடது பக்கம் வந்தன. பஸ் கற்களுக்கு வலது பக்கம், நடு ரோட்டில், ரோடு அறுந்துபோன பள்ளத்தில் கிடந்தது.

ஓடை கிழக்கே போகிறது. அடையாளக் கற்கள் இருந்தது கிழக்கு ஓரத்தில் மட்டும். அப்பா எடுத்தது வடகரையிலிருந்து. அங்கே நின்று பார்ப்பவருக்குக் கிழக்கு இடது பக்கம்; கல் இடது பக்கம், ரோடு கல்லுக்கு வலது பக்கம். மூன்று தடவை காகிதத்தில் வரைந்து பார்த்தேன்.

இசக்கிமுத்து கல்லைத் தாண்டவில்லை.

12 ஜூலை, செவ்வாய்

அப்பாவிடம் சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

14 ஜூலை, வியாழன்

சொன்னேன். காலைக் காப்பிக்குப் பிறகு.

"அந்தத் தாம்போதிப் படம் இடவலம் மாறியிருக்கு."

அப்பா பேப்பரை மடித்தார். "யாரு சொன்னா?"

"மாசானம் அண்ணாச்சி ஏணிய வச்சுச் சொன்னாரு. நான் பிலிம வச்சுப் பாத்தேன்."

"அவருக்கு எண்பது வயசாகுது."

"உங்களுக்கு எண்பத்தொண்ணு."

"கோமு, அவரு ஏணியச் சொல்லுதாரு, நீ பிலிமச் சொல்லுத. அங்க போயி நின்னது நான்."

"நீங்கதான் நின்னிய. பஸ்ஸு கல்லுக்கு எந்தப் பக்கம் கெடந்தது?"

"படத்துல இருக்க பக்கம்" என்றார்.

அந்த இடத்தை அவர் பார்த்தது ஒரே ஒரு காலையில், மழையில், குடை பிடித்துக்கொண்டு. படத்தை நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறார்.

விசாரணைக்கு அந்தப் படம் போனதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கம்பெனி ஆள் ஒருவர் வந்து சிலைடை வாங்கிப்போய் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு திருப்பித் தந்தாராம். இசக்கிமுத்துவுக்கு வேலையும் போயிற்று, லைசென்ஸும் போயிற்று. செங்கல் சூளையில் கல் சுமந்தாராம். குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஒரு பேச்சும் சேர்ந்துகொண்டது. தொண்ணூற்றாறில் இறந்திருக்கிறார்.

மத்தியானம் அப்பா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். வயிறு சரியாகத்தான் இருந்தது. நாலு மணிக்கு முறுக்கு தின்றார்.

16 ஜூலை, சனி

செம்மண்பேரிப் பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு விழாக் குழுவிலிருந்து போன். முப்பத்தொன்றாம் தேதி அப்பா வந்து படம் காட்ட வேண்டுமாம். நாற்பத்தேழு ஊர்களில் காட்டியிருக்கிறார், அங்கே இதுவரை போனதில்லை. இசக்கிமுத்துவின் சொந்த ஊர் அது.

மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"அந்த ஒரு படத்த எடுத்துரு. மத்தது போதும்."

"எடுத்தா?"

"எடுத்தா யாருக்கு என்ன? இல்லாத படத்தப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்க."

நியாயமாகத்தான் பட்டது. எடுத்துவிட்டேன். ஒரு பட்டன்.

20 ஜூலை, புதன்

மூன்றாம் தேதி எழுதியது சரியல்ல. இசக்கிமுத்துவை நான் பார்த்திருக்கிறேன்.

எண்பத்து நான்கு. ஆறாம் வகுப்பு முடிந்த லீவு. வெயில் நேரம். வாசல் கேட்டுக்கு வெளியே ஒருவர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கை முழுக்கச் செம்மண்.

"சார்வாள் இருக்காஹளா?"

திரும்பிப் பார்த்தேன். அப்பா நடுவறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இல்லையென்று கையாட்டினார்.

"அப்பா இல்ல" என்றேன்.

"ஒண்ணுமில்ல தாயி. அந்தப் பஸ்ஸுப் படத்த ஒருக்கப் பாத்துட்டுப் போயிருதேன். எனக்குப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

"அப்பா இல்ல."

தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டுத் தம்ளரைச் சுவர்மேல் கவிழ்த்து வைத்தார். கேட்டை ஒட்டி அப்பாவின் சைக்கிள் நின்றது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாப் படி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்திருந்தால் அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஏணி எந்தப் பக்கம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பதினொரு வயது. இதை ஒரு காரணமாக எழுதவில்லை.

22 ஜூலை, வெள்ளி

மாடிப்படியில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்பா வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"அவன் ஒருதரம் வீட்டுக்கு வந்தான், இல்ல?"

"வந்தாரு."

"உனக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன்."

நான் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"சண்டைக்கு வந்திருக்கான்னு நெனச்சேன், கோமு."

"சண்டைக்கு வாரவங்க தண்ணி கேக்கமாட்டாங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஜன்னல் பக்கம் தகரப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார். அறுநூற்றுச் சொச்சம் சிலைடு. ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்துக் கட்டில்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்தது நாற்பதுதான். அவர் அத்தனையும் பார்த்தார். சாயங்காலம்வரை ஆயிற்று.

"வேற ஒண்ணும் மாறல. இது மட்டுந்தான்" என்றார். கொஞ்சம் கழித்து, "சிவப்புப் புள்ளி நான் வச்சதுதான்."

அம்மா இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பாள். நான் விளக்கைப் போட்டேன்.

27 ஜூலை, புதன்

பல் டாக்டர். அப்பாவுக்குக் கீழ்வரிசை செட் தளர்ந்திருக்கிறது. பேசும்போது 'ச' வழுக்குகிறதாம். சரிசெய்து கொடுத்தார்கள்.

30 ஜூலை, சனி

நாளை செம்மண்பேரி. படங்களை வரிசைப்படுத்தினேன். கடைசியாக ஒரு வெறும் கறுப்பு. அதற்குப் பின்னால் தாம்போதிப் படம் இரண்டு தடவை: முதலில் பழையபடி, அடுத்து திருப்பியது. அப்பாவிடம் காட்டினேன்.

"கறுப்போட நிறுத்தணும்னா நீங்க 'நன்றி வணக்கம்' சொல்லிருங்க. நான் அணைச்சிருதேன்."

"சரி."

"இல்லன்னா 'அடுத்தது'ன்னு சொல்லுங்க."

"தெரியும். இருவது வருசமாச் சொல்லுதேன்."

எது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தேன்.

31 ஜூலை, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பறைகள் இரண்டின் தட்டியை எடுத்துவிட்டு ஒன்றாக்கியிருந்தார்கள். நூறு பேர் இருப்பார்கள். பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. வயதானவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாசானம் அண்ணாச்சியும் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்திருந்தார்.

அப்பா நன்றாகப் பேசினார். நான் கேட்டதில் நன்றாகப் பேசியது இதுதான். பால் கேன் பஸ் வந்ததும் ஒரு கிழவர் எழுந்து, "மூணாவது கேனு எங்களுது" என்றார். என்ஜின் மூடிப் பிள்ளைகளுக்கு வழக்கம்போலச் சிரிப்பு. "இது மூணாம் நம்பர் வண்டி. போன தடவ நாலுன்னு சொன்னேன், தப்பு" என்றார் அப்பா. அண்ணாச்சி பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார்.

கறுப்பு வந்தது.

அப்பா பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். மூடினார். முன்வரிசையில் இரண்டு பேர் முடிந்துவிட்டது என்று எழுந்தார்கள்.

"அடுத்தது" என்றார்.

பழைய படம். அறையில் ஒரு முனகல் எழுந்தது. எந்த இடம் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"இந்தப் படத்த நாப்பத்தேழு ஊர்ல காட்டியிருக்கேன். தப்பாக் காட்டியிருக்கேன். அடுத்தது."

திருப்பிய படம்.

"இதுதான் சரி. நான் சட்டத்துல போடும்போது மாத்திப் போட்டுட்டேன். ஏணி எங்க இருக்குன்னு பாருங்க. கல்லு எங்க இருக்குன்னு பாருங்க. வண்டி ரோட்டுமேலதான் வந்திருக்கு. ரோடுதான் இல்ல. டிரைவர் இசக்கிமுத்து மேல ஒரு தப்பும் இல்ல. விசாரணைக்கும் நான் தப்பான படத்ததான் கொடுத்திருக்கேன். அவரு அதப் பாக்கணும்னு என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. நான் உள்ள இருந்துக்கிட்டு இல்லன்னு சொல்லச் சொன்னேன்."

விழாக் குழுத் தலைவர் கைதட்டினார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். இன்றைக்கு எல்லோருக்கும் காப்பி கொடுத்தவளும் அவள்தான்.

"நான் இசக்கிமுத்து மக. பேச்சியம்மா."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிரும்மா."

"மன்னிக்கதுக்கு நான் யாரு சார். மன்னிக்கவேண்டியவரு போயிச் சேந்துட்டாரு." குரலை உயர்த்தவில்லை. "எங்கப்பா குடிச்சிட்டு ஓட்டுனாருன்னு சொன்னாவ. அவரு வாயில வச்சது டீயும் வெத்தலையும். அது இந்த ஊர்ல எல்லாத்துக்கும் தெரியும். இங்க வந்து நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணும்னு இல்ல. எத்தன ஊருன்னு சொன்னிய?"

"நாப்பத்தேழு."

"அந்த நாப்பத்தேழு ஊருக்கும் திரும்பப் போங்க. இதையே அங்க சொல்லுங்க. ஒரு ஊரு விடக்கூடாது."

"ஏட்டி பேச்சி" என்றார் பின்னாலிருந்து ஒருவர், "சார்வாளுக்கு எண்பது வயசு தாண்டிட்டுட்டி."

"எங்கப்பா வாசல்ல வந்து நின்னப்ப இவருக்கு நாப்பதுதான் சித்தப்பா."



"போறேம்மா" என்றார் அப்பா.

"வீட்டுல பிள்ள யாரோ தண்ணி கொடுத்துச்சுன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு" என்றாள் அவள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அது நான்தான் என்று சொல்லவில்லை. சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் காப்பித் தூக்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

1 ஆகஸ்ட், திங்கள்

சபையில் மனிதர்கள் பல வாக்குகளைக் கொடுக்கிறார்கள். அலுவலகத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். அப்பா மத்தியானம்வரை படுத்திருந்தார். எழுந்ததும் பேச்சு நோட்டைக் கேட்டார். இரண்டாயிரத்திலிருந்து போன இடம், தேதி, வந்தவர் எண்ணிக்கை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

நாற்பத்தேழில் நான்கு இடம் இப்போது இல்லை. ஒரு வாசகசாலை செல்போன் கடையாகிவிட்டது.

"அந்த ஊர்ல வேற இடம் இருக்கும்லா" என்றார்.

3 ஆகஸ்ட், புதன்

அப்பா இரண்டு நாளாகப் போனில் இருக்கிறார். "புதுப் பேச்சு இல்ல. ஒரே ஒரு படம். பழைய பேச்சுக்கு ஒரு திருத்தம்" என்று சொல்கிறார். எதிர்முனையில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. ஒருவர், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

ஆறு ஊர் ஒத்துக்கொண்டிருக்கிறது. வீரவநல்லூர் முதலில், இந்த ஞாயிறு.

6 ஆகஸ்ட், சனி

அப்பாவுக்கு இருமல். சாரல் விடவில்லை. கார் பிடிக்கலாம் என்றேன். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்கிறார், ஏன் என்று சொல்லவில்லை. ஒரு படம் காட்ட இந்த மழையில் இவ்வளவு தூரம் போவது புத்தியா என்று கேட்டேன். "நீ வரவேண்டாம்" என்றார். புரொஜக்டரை அவரால் தூக்க முடியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நாளை காலை இருமல் கூடியிருக்கும், தள்ளிப்போடுவார், பிறகு அந்த நோட்டு அலமாரிக்குப் போய்விடும் என்று நினைக்கிறேன். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

7 ஆகஸ்ட், ஞாயிறு

போனோம். ஒன்பதே முக்கால் பஸ். அப்பா எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றார்.

மழையால் பதினொரு பேர்தான் வந்தார்கள். அப்பா உட்கார்ந்துகொண்டே பேசினார். பழைய படம், சரியான படம், ஏணி, கல், டிரைவரின் பெயர். ஏழு நிமிஷம் ஆயிற்று. உண்டியலை நான் எடுத்துப் போகவில்லை.

பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு அப்படி ஒரு படம் காட்டியதே நினைவில்லை. ஒருவர் மரியாதைக்காகத் தலையாட்டினார். கடைசியாக இருந்த ஒருவர், மில்லில் வேலை பார்த்தவராம், குடையை மடக்கிக்கொண்டே, "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். அந்த டிரைவர் குடிச்சிருந்தான்லா?" என்றார்.

அப்பா அவரைத் தனக்குப் பக்கத்து நாற்காலிக்கு வரச்சொன்னார். வந்து உட்கார்ந்தார். நான் அதற்குள் புரொஜக்டரை அணைத்திருந்தேன்.

"கோமு" என்றார் அப்பா, "முதல்ல இருந்து போடு."

போட்டேன்.